அறுபது கார்டும் இரண்டு கடலும்

முதல் நாள்: மதுரை – மண்டபம்

காலை பாசஞ்சரில் ஏறும்போது பையில் இரண்டு செட் துணி, ஒரு துண்டு, ஒரு நோட்டு, இரண்டு டெக், அதாவது இரண்டு கட்டுக் கார்டு. நான்கு நாள் விடுப்பு, மண்டபத்தில் மாமா வீடு. அடுத்த மாதம் பெங்களூருவில் ஒரு கடையில் மேஜிக் என்ற கார்டு விளையாட்டின் போட்டி நடக்கிறது. அதற்கு எந்த டெக்கை எடுத்துப்போவது என்று இந்த நான்கு நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். மதுரையில் இருந்தால் கணினியைத் திறந்து, யாரோ எங்கோ ஜெயித்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜிக் தி கேதரிங் 1993ல் வந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து குறைந்தது 60 கார்டை நாமே தேர்ந்தெடுத்து ஒரு டெக் கட்ட வேண்டும். ஒரே கார்டை 4க்கு மேல் வைக்கக் கூடாது. அடிப்படை லேண்ட் என்ற நிலக் கார்டுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருவருக்கும் 20 உயிர்ப் புள்ளி. லேண்ட் இறக்கினால் மானா என்ற சக்தி கிடைக்கும், மானா இருந்தால்தான் மற்ற கார்டுகளை ஆட முடியும். கார்டுக்கும் மானாவுக்கும் நிறம் உண்டு. ஆட்டம் மேசையில் தொடங்குவது போலத் தெரியும். உண்மையில் அந்த 60ஐத் தேர்ந்தெடுக்கும் இரவிலேயே அது தொடங்கிவிடுகிறது.

என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்று சிவப்பு டெக். சின்னச் சின்னப் படை, நெருப்பு, வேகம். மூன்று வருடமாக ஆடுகிறேன். இன்னொன்று நீலமும் வெள்ளையும் கலந்த கன்ட்ரோல் டெக். எதிராளி செய்வதையெல்லாம் தடுத்துத் தடுத்து, கடைசியில் ஜெயிக்கும். நான் பார்த்த ஒரு போட்டியின் டாப் 8ல், அதாவது முதல் எட்டு இடங்களில், மூன்று பேர் அதைத்தான் ஆடியிருந்தார்கள். எட்டில் மூன்று என்றதும் மயங்கி, காசு சேர்த்து வாங்கிவிட்டேன். சென்ற முறை அதோடு போனேன். ஐந்து சுற்றில் ஒன்றுதான் ஜெயித்தேன். அன்றிரவு பேருந்தில் திரும்பும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. டாப் 8ல் ஜெயித்த அதே 60 கார்டு என் கையில் ஏன் ஜெயிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பரமக்குடி தாண்டியதும் இருபக்கமும் சீமைக்கருவேலம். உச்சிப்புளி தாண்டியதும் காற்றில் உப்பு. மண்டபத்தில் இறங்கி வீட்டுக்குப் போனால், சாப்பாட்டுக்கு முன்னாலேயே அத்தை பையைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா இது, சீட்டுக்கட்டா?"

"சீட்டுதான் அத்தை. ஆனா காசு வச்சு ஆடுறது இல்ல. செஸ் மாதிரி போட்டி."

"சீட்டுன்னாலே எனக்கு பயம்பா. எங்க ஊர்ல எத்தனை குடும்பம் போச்சு தெரியுமா."

அந்தப் பயத்தில் தவறில்லை. ரம்மியில் வீடு இழந்தவர்களை அவர் நேரில் பார்த்தவர். ஒவ்வொரு கார்டாக எடுத்துக் காட்டினேன். படங்களைப் பார்த்தார். ஒரு டிராகனைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் வரைஞ்சது?" என்று கேட்டார். ஓவியர் பெயர் ஒவ்வொரு கார்டின் அடியிலும் அச்சாகியிருக்கும். காட்டினேன். அப்புறம் கொஞ்சம் சமாதானமானார்.

இரவு ஒன்றைக் கவனித்தேன். பளபளக்கும் ஃபாயில் கார்டுகள் இந்த ஈரக்காற்றில் ஒரே பகலில் வளைந்துவிட்டன. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் மெல்லிய உலோகப் படலம். காகிதம் மட்டும் ஈரத்தை வாங்கி விரிகிறது. போட்டியில் இது சின்ன விஷயமில்லை. வளைந்த கார்டு கட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்றால், நடுவர் அதைக் குறியிட்ட கார்டாகக் கணக்கில் எடுப்பார். ஃபாயில்களை எல்லாம் நோட்டுக்குள் வைத்து, மேலே அத்தையின் அரிசி டப்பாவை ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள்: மண்டபம் வடக்குக் கரை

விடியும் முன்பே மாமா எழுப்பிவிட்டார். மாமா ஏலம் விடுபவர். கரைக்கு வரும் மீனையும் நண்டையும் எடை போட்டு, ஏலம் விட்டு, வியாபாரிக்கு மாற்றிவிடுவார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. இன்று நாட்டுப்படகு நாள். வத்தைகள், அதாவது சின்ன நாட்டுப்படகுகள், ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. வலையிலிருந்து நண்டைக் காலொடியாமல் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த விரல்களின் பொறுமை எனக்கு எந்த ஆட்டத்திலும் வந்ததில்லை.

மாமா நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எடை ஒரு பக்கம். பக்கத்திலேயே இன்னொரு எண்.

"இது என்ன மாமா?"

"எத்தனை வத்தை போச்சுங்கிற கணக்கு."

"எதுக்கு?"

"டேய் மாப்ள, நேத்து நாலு கூடை நண்டு, இன்னைக்கு எட்டுக் கூடைன்னு வச்சுக்க. கடல்ல நண்டு கூடிருச்சுன்னு சொல்லுவியா?"

"ஆமா."

"நேத்து போனது அஞ்சு வத்தை. இன்னைக்கு இருபது. இப்ப சொல்லு."

நான் பதில் சொல்லவில்லை. ஒரு வத்தைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நண்டு பாதியாகக் குறைந்திருக்கிறது. கூடையை மட்டும் எண்ணியவனுக்கு அது இரட்டிப்பானதாகத் தெரியும். மாமா அடுத்த வத்தைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

எட்டில் மூன்று. அந்தப் போட்டிக்கு எத்தனை பேர் அந்த டெக்கோடு வந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. 100 பேர் வந்து, அதில் 40 பேர் அதையே ஆடியிருந்தால், எந்தத் திறமை வேறுபாடும் இல்லாமல் சும்மாவே டாப் 8ல் மூன்று பேர் வந்திருப்பார்கள். 40 விழுக்காட்டை 8ல் பெருக்கினால் 3.2. அப்படியென்றால் அது சராசரி டெக். பெரிய கூட்டமாக வந்ததால் பெரிய கூடையாகத் தெரிந்திருக்கிறது. அதே போட்டியில் மூன்றே பேர் ஆடிய ஒரு டெக் டாப் 8ல் ஒரு இடம் பிடித்திருந்தால், கவனிக்க வேண்டியது அதைத்தான். மூன்று பேர் என்பது சின்னக் கணக்கு, ஆடியவரின் கெட்டிக்காரத்தனமாகவும் இருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. என் மூன்று பேரிடம் கேள்வியே இல்லை.

வலுவான டெக் எப்படித் தெரியும் என்பதற்கு 2016 பிப்ரவரியைச் சொல்லலாம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ப்ரோ டூர் என்ற பெரிய போட்டியின் டாப் 8ல் ஆறு பேர் ஆடியது எல்ட்ராசி எனும் ராட்சதப் படைகளைக் கொண்ட டெக்குகள். களத்தில் பெரும்பாலானவர்கள் வேறு டெக்குகளோடுதான் வந்திருந்தார்கள். கொஞ்சம் வத்தை, கரை முழுக்கக் கூடை. காரணம் இரண்டு லேண்டுகள். ஐ ஆஃப் யூகின், எல்ட்ராசி டெம்பிள். இரண்டும் 2010ல் வெளிவந்தவை. ஒன்று நிறமற்ற எல்ட்ராசிகளின் விலையில் இரண்டு மானாவைக் குறைக்கும், இன்னொன்று எல்ட்ராசிக்கு இரண்டு மானா தரும். ஆறு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. விலை குறைந்த, வலுவான புது எல்ட்ராசிகள் வந்த அன்று அந்தப் பழைய லேண்டுகள் விழித்துக்கொண்டன. நான்காவது முறையில் இறங்க வேண்டியது இரண்டாவது முறையில் இறங்கியது. அதே ஏப்ரலில் ஐ ஆஃப் யூகினைத் தடை செய்தார்கள்.

மதியம் மாமாவிடம் இதைச் சொன்னேன். ஆட்டம் புரியாவிட்டாலும் தடை புரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். "எல்லாத்தையும் ஒரே வலை அள்ளிட்டா மத்தவன் என்ன செய்வான்? நிறுத்தத்தான் செய்யணும்" என்றார்.

சாயங்காலம் மண்டபம் முகாம் பக்கம் நடந்தேன். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கப்பட்டு, 1949 முதல் 1971ல் கொச்சிக்கு மாறும் வரை இங்கேதான் தலைமையிடம் வைத்திருந்தது. இன்றும் அவர்களுடைய மையம் இங்கே இருக்கிறது. கரையிறங்கும் மீனைக் கணக்கெடுக்கும்போது எடையோடு படகுகளின் எண்ணிக்கையையும் கடலில் இருந்த நேரத்தையும் அவர்கள் சேர்த்தே பதிகிறார்கள். மாமா அந்த வாசலுக்குள் போனவர் இல்லை. அவர் நோட்டிலும் அதே இரண்டு பத்திகள்.

மூன்றாம் நாள்: கீழக்கரை

ராமநாதபுரம் போய் பேருந்து மாறி, பத்து மணிக்குக் கீழக்கரை. கல்லூரி நண்பன் வீடு. எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். துபாயிலிருக்கும் அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், ஒவ்வொரு விடுமுறைக்கும் நாலைந்து பூஸ்டர் பாக்கெட் (புதுக் கார்டு பாக்கெட்) கொண்டுவருவார். விடுதி அறையில் அதைப் பிரிக்கும்போது எழும் அந்தப் புது அட்டை வாசம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் சிவப்பு, அவன் நீல-வெள்ளை. என்னிடமிருந்த கன்ட்ரோல் டெக்கை அவன் கையில் கொடுத்துவிட்டேன். இல்லாத கார்டுகளுக்கு வெள்ளைத்தாளில் பெயர் எழுதி, ஸ்லீவ் என்ற கார்டு உறைக்குள் சொருகிக்கொண்டோம். போட்டியில் இது செல்லாது, பழகுவதற்குப் போதும்.

20 ஆட்டம். நான் 12, அவன் 8.

"உன் சிவப்புதான்டா நல்ல டெக்" என்றான். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் 20 ஆட்டத்தில் 12 என்றால், உண்மையான பலம் 40க்கும் 80க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 100 ஆட்டம் ஆடி 55 ஜெயித்தாலும் பத்துப் புள்ளி இப்படியோ அப்படியோ நகரும். ஒரு வார இறுதியின் டாப் 8ஐப் பார்த்து, இதுதான் சிறந்த டெக் என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பதற்றம் வருகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்தேன். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு மோதலையும் 55 விழுக்காடு ஜெயிக்கும் நல்ல டெக், ஐந்து சுற்றையும் தோற்காமல் முடிப்பது 100ல் 5 தடவை. வெறும் 50 விழுக்காட்டு டெக்குக்கு அது 3 தடவை. சிறந்த டெக்குக்கும் சுமாரான டெக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரே நாளில் பார்த்தால் அவ்வளவுதான்.

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தோற்ற 8 ஆட்டத்தை எடுத்துப் பேசினோம். அதில்தான் விஷயம் கிடைத்தது. 8ல் 5 தோல்வி லேண்ட் வராததால். நான் 20 லேண்ட் வைத்திருந்தேன். முதலில் எடுக்கும் 7 கார்டில் லேண்ட் ஒன்றோ பூஜ்யமோ வரும் வாய்ப்பு, 20 லேண்டுக்கு 4ல் 1. 22 வைத்தால் 5ல் 1. 24 வைத்தால் 7ல் 1. நண்பன் இதை விரலிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தாளில் சரிபார்த்தான். "ரெண்டு லேண்ட் சேரு. எதை எடுப்ப?" என்றான். எதையும் எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் ஐந்து மானா கேட்கும் இரண்டு பெரிய டிராகன்களைக் கழற்றினேன். அதில் ஒன்று அத்தைக்குக் காட்டியது.

டிராகனைக் கழற்றியது சரி என்று எனக்குத் தைரியம் தருவது 1996ல் நடந்த ஒன்று. அட்லாண்டாவில் ப்ரோ டூருக்கான ஒரு தகுதிப் போட்டி. பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்பு டெக்கோடு வந்து இரண்டாம் இடம் பிடித்தார். டெக்கை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அதில் இருந்தவை ஐயன்கிளா ஆர்க்ஸ், பிராஸ் மேன், கோப்ளின்ஸ் ஆஃப் தி ஃபிளார்க். பாக்கெட் பிரித்தால் ஓரமாகத் தள்ளி வைக்கும் கார்டுகள். ஆனால் எண்ணிக்கை அளந்து வைத்தது. ஒரு மானாவுக்கு இத்தனை, இரண்டு மானாவுக்கு இத்தனை, மூன்றுக்கு இத்தனை. ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் மானா ஒன்றுகூட வீணாகாமல் இறங்கும். மானா வளைவு என்று நாங்கள் இன்று சொல்வதற்கு அந்த டெக்தான் பாடம். இன்றும் அந்த வகைக்கு ஸ்லை என்றே பெயர். விலை உயர்ந்த கார்டு வாங்க முடியாத ஊரிலிருந்து ஆடுகிறவன் நான். எனக்கு அது வெறும் வரலாறு இல்லை.

நண்பனின் உம்மா தட்டில் தொதல் கொண்டுவந்தார். கீழக்கரைத் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது. கையில் எண்ணெய் ஒட்டும். "கை கழுவிட்டுக் கார்டைத் தொடுங்க வாப்பா, உங்க காக்கா பாத்தா என்னைத்தான் ஏசுவான்" என்று மகனைக் கண்டித்தார். ஸ்லீவ் போட்டிருந்தாலும் அவர் சொன்னது சரிதான். நாங்கள் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தோம்.

அஸர் தொழுகைக்கு அவன் பள்ளிவாசல் போனபோது நானும் தெரு வரை கூடப் போனேன். கருங்கல் தூண்களோடு நிற்கும் அந்தப் பழைய ஜும்மா பள்ளியை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது கன்ட்ரோல் டெக்கை அவனிடமே விட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் அவன் அதை ஆடுவான், நான் இதை ஆடுவேன்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி

காலையிலேயே ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து பேருந்தில் அரிச்சல்முனை. சாலையின் இருபக்கமும் தண்ணீர். 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் மிச்சம், அந்தத் தேவாலயச் சுவர், வெயிலில் நின்றது. அங்கே இறங்கி அதிக நேரம் நிற்க எனக்கு முடியவில்லை. போய்விட்டேன்.

முனையில் நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இங்கே பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். இன்று அந்தப் பெயர் பொருந்தவில்லை. வாடைக் காற்று இன்னும் விடவில்லை, வடக்குக் கடல்தான் நுரைத்துக்கொண்டிருந்தது. தெற்கு, ஒப்பிட்டால், அடக்கமாக இருந்தது. சங்கு விற்கும் பெரியவரிடம் கேட்டேன். "வாடைக்கு வடக்கு ஏறும், கச்சான் காத்துக்குத் தெக்கு ஏறும். காத்து எங்க இருந்து வருதுன்னு பாத்துத்தான் தம்பி எந்தக் கடல்னு முடிவு பண்ணுவாக."

டெக்கும் அப்படித்தான் என்று ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மெட்டா என்று சொல்வோம். அந்த அறையில் அன்றைக்கு யார் யார் எதை ஆடுகிறார்கள் என்பதுதான் அது. காம்போ என்பது சில கார்டுகளைச் சேர்த்து ஒரேயடியாக ஜெயிக்கப் பார்க்கும் டெக். வேகமான டெக் சில சமயம் அது தயாராகும் முன்பே முடித்துவிடும். காம்போ, மெதுவான நடுத்தர டெக்குகளைத் தாண்டிப் போய்விடும். உயிர்ப் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகும் டெக் வந்தால் என் சிவப்புக்கு மூச்சு வாங்கும். வேறொரு ஊரில், வேறொரு வாரத்தில் ஜெயித்த பட்டியல் வேறு காற்றுக்குக் கட்டிய பாய். சென்ற முறை எனக்கு நடந்தது இதுதான் என்று இன்றைக்குத்தான் தெளிவாகச் சொல்ல முடிகிறது. அந்தக் கடையில் வேகமான டெக்குகள் நிறைய இருந்தன, நான் மெதுவான எதிரிகளுக்காகக் கட்டிய தடுப்புகளோடு போய் உட்கார்ந்திருந்தேன்.

மீன் வறுக்கும் கடை ஒன்றில் கீற்று மறைப்பு இருந்தது. உள்ளே உட்கார்ந்து பெங்களூரு கடைக்காரருக்கு போன் செய்தேன். எத்தனை பேர் வருவார்கள், போன மாதம் யார் எதை ஆடினார்கள் என்று கேட்டேன். முப்பது பேருக்குப் பக்கம் என்றார். வெள்ளை டெக் ஏழெட்டுப் பேர், காம்போ நாலைந்து பேர், மீதி கலவை. இதை முன்பே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

முக்கால் மணி நேரம் சைடுபோர்டு எழுதினேன். 15 கார்டு. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கில் ஆடும்போது, முதல் ஆட்டம் முடிந்ததும் இதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அதாவது ஒவ்வொரு மோதலிலும் பாதிக்குக் குறையாத ஆட்டம் சைடுபோர்டு வந்த பிறகுதான் நடக்கிறது. அப்படியிருந்தும் ஜெயித்த பட்டியலை எடுக்கிறவர்கள் 60ஐ உற்றுப் பார்க்கிறார்கள், இந்த 15ஐ அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தந்த ஊருக்கென்று எழுத வேண்டியதே இந்த 15தான். வெள்ளை டெக் உயிர்ப் புள்ளி கூட்டுவதைத் தடுக்க 4. சின்னப் படைகளைக் கூட்டமாக எரிக்க 3. காம்போவுக்கு 4. நீண்ட ஆட்டம் ஆகிவிட்டால் இறக்க, கழற்றிய டிராகன் இரண்டும். 13 ஆயிற்று.

எழுதியதை இரண்டு முறை சரிபார்த்தேன். பட்டியல் எழுதுவதில் எனக்கு இந்தக் கவனம் வந்ததற்குக் காரணம் டாம் சான்பெங். ஆஸ்திரேலியர், 1996ல் சியாட்டிலில் உலகச் சாம்பியன். வெள்ளை டெக். அதில் ஒரே ஒரு நீலக் கார்டு, ஸ்லைட் ஆஃப் மைண்ட். ஆனால் நீல மானா தரும் லேண்டுகள் பட்டியலில் விடுபட்டுவிட்டன. அந்த ஒரு கார்டை ஆட வழியே இல்லாத டெக்கோடு அவர் கோப்பையை வாங்கினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே பேனா தவறுமென்றால் நான் மூன்றாம் முறையும் எண்ணுவேன். 22 லேண்ட், 38 மற்றவை. சரி.

மாலை ராமேஸ்வரத்தில் ரயில் ஏறியதும் மாமா போன் செய்தார்.

"முடிவு பண்ணிட்டியா?"

"சிவப்புதான் மாமா."

"எத்தனை பேரு வர்றாக?"

"முப்பது பக்கம்."

"யார் யாரு என்ன கொண்டாறாகன்னு கேட்டியா?"

"கேட்டுட்டேன்."

"ம்" என்று வைத்துவிட்டார்.

ரயில் பாம்பன் பாலத்தில் மெதுவாக ஏறியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். நடுவில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி. கப்பல் வந்தால் அப்படியே மேலே போகும். பக்கத்திலேயே 1914ன் பழைய பாலம் நின்றது. ஜன்னலில் காற்று பலமாக இருந்தது. நோட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சைடுபோர்டின் 14வது வரியில் இன்னொரு நெருப்புக் கார்டை எழுதினேன். 15வது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் கடைக்காரருக்கு இன்னொரு முறை போன் செய்துவிட்டு எழுதிக்கொள்வேன்.